கூட்டுகிறவளுக்குத் தெரியும்

எங்கள் வீட்டு மரங்களைப் பற்றித் தெருவில் இரண்டு புகார்கள் உண்டு, இரண்டும் காற்றைப் பொறுத்தவை. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காற்று அடிக்கும்போது இலையெல்லாம் கிழக்கே பறந்து கீழவீட்டு வாசலில் போய்ச் சேரும். அந்த மாதங்களில் கீழவீட்டு மதினி என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஐப்பசிக்கு அப்புறம் வாடை திரும்பியதும் அதே இலை தெற்கு வீட்டுக்குப் போகும். அப்போது கீழவீட்டிலிருந்து மீன் குழம்பு வரும், தெற்கு வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இந்த மரத்த வச்சுக்கிட்டு என்னதான் பண்றீக?" என்பார். என்ன பண்ணுகிறோம் என்று அவருக்கே தெரியும். கூட்டுகிறோம். அதாவது நான் கூட்டுகிறேன்.

இணையத்தில் மரத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒரு தரப்பு, மரம் என்றாலே கண் கலங்குகிற தரப்பு. இன்னொன்று, வேர் அஸ்திவாரத்தை உடைக்கும், பாம்பு வரும், புயலில் விழும் என்று எண்ணிக்கொண்டே போகிற தரப்பு. இரண்டிலும் கையில் விளக்குமாறு பிடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. என் வீட்டிலும் அதே கதைதான். சென்னையில் இருக்கிற கொழுந்தன் மரம் நிற்க வேண்டும் என்ற கட்சி. லீவுக்கு வருவார், வாதாம் நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுப்பார், "மதினி, இந்தக் காத்து காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடுவார். வீட்டுக்காரர் வெட்ட வேண்டும் என்ற கட்சி, கார் நிறுத்த இடமில்லை என்பது அவர் குறை. குடும்ப வாட்ஸாப் குழுவில் அண்ணனும் தம்பியும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருத்தர் சுற்றுச்சூழல் நாள் வாழ்த்து அனுப்புவார், இன்னொருத்தர் எங்கோ மரம் விழுந்து நசுங்கிய காரின் படத்தை அனுப்புவார். எனக்கு முன்னால் இந்த வாசலைக் கூட்டியவர் அத்தை, அவருக்கு இடுப்பு முடியாமல் போனதிலிருந்து நான். மரம் இருக்கலாமா வேண்டாமா என்று எங்கள் இரண்டு பேரிடமும் ஒருத்தரும் கேட்டதில்லை. ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது இதுதான்.

எந்த மாதம் எது விழும்

வீடு ராமேஸ்வரம் போகிற வழியில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். முற்றத்தில் மாமனார் நட்ட நாட்டு வாதாம், தெற்கு மதிலோரம் வேலிக்காக ஊன்றிய போத்திலிருந்து எழுந்த பூவரசு, அடுப்படிக்குப் பின்னால் யாரும் நடாமல் காக்கை போட்ட விதையில் வந்த வேம்பு. மூன்றும் இப்போது மாடியை விட உயரம்.

வேம்பு மாசியில் மொத்தமாக உதிர்க்கும். சின்ன இலை, விளக்குமாற்றுக்கு அடங்காது, ஈர்க்குகளுக்கு நடுவே நழுவி இருந்த இடத்திலேயே கிடக்கும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பங்குனியில் பூ. பூவைப் பொறுத்தவரை எனக்குக் குறை கிடையாது, பழைய சேலையை விரித்துப் போட்டால் சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கும் அப்புறம் பல மாதம் ரசத்துக்கும் ஆகும். ஆனி ஆடியில் பழம். பழம் என்றால் ஈ, காக்கை, காக்கையின் எச்சம், செருப்பில் ஒட்டுகிற பிசுக்கு, எல்லாம் சேர்த்துத்தான். நல்லவேளையாகத் தெருப்பிள்ளைகள் வேப்பமுத்து பொறுக்க வந்துவிடுவார்கள், காயவைத்துக் கடையில் போட்டால் அவர்களுக்குக் காசு, எனக்குப் பாதி வேலை மிச்சம். பூவரசு அப்படி மொத்தமாகக் கொட்டாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும். மஞ்சளாக விரிந்த பூ சிவந்து வாடிக் கீழே கிடக்கும், கூடவே பழுத்த இலை ஒரு கை அளவுக்கு. காய் முற்றும் காலத்தில் அடியில் சிவப்புப் பூச்சி கூட்டம் கூட்டமாக ஊரும். விருந்தாளிப் பிள்ளைகள் அலறுவார்கள், அது யாரையும் கடிக்காது. பருத்தி போடுகிறவர்களுக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது.

வாதாம் தனி ரகம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு இலை, பழுத்தால் நல்ல சிவப்பு, விழும்போது சத்தமே கேட்கும். வருடத்தில் இரண்டு தடவைகூட இலை மாற்றும். அந்த இலையில் இருக்கிற துவர்ப்பு மழைநீரில் இறங்கித் தரையில் பழுப்புக் கறையாகப் படியும், பிளீச்சிங் பவுடருக்கும் முழுசாகப் போகாது. வண்ண மீன் வளர்ப்பவர்கள் இதே இலையைத் தொட்டியில் ஊறப்போடுகிறார்களாம், ஆன்லைனில் பாக்கெட் போட்டு விற்பதை நானே பார்த்தேன். என் வாசலில் விழுந்ததையெல்லாம் அப்படி விற்றிருந்தால் கார் நிறுத்தப் பக்கத்து மனையையே வாங்கியிருக்கலாம். ராத்திரியில் வௌவால் பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் தகரக் கொட்டகை மேல் போடும். புதிதாக வந்து படுப்பவர்கள் யாரோ கல்லெறிகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இவ்வளவையும் எதற்காகப் பொறுத்துக்கொள்வது என்று கேட்டால், சித்திரை மாதம் மதியம் எங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பார்க்கச் சொல்வேன். இந்தச் சீமைக்கே உரிய மரம் என்றால் பனையும் உடைமரமும். பனை நிழல் ஓர் ஆளுக்குக்கூடப் பத்தாது, உடை நிழலில் உட்கார்ந்தால் முள்ளை எடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கரிமூட்டம் போடுகிறவர்கள் தவிர வேறு யாரும் அதைத் தேடிப் போவதில்லை. அடர்ந்த நிழல் வேண்டும், உப்புக்காற்றும் மணலும் தாங்க வேண்டும் என்றால் வாதாம், பூவரசு, புன்னை, வேம்பு, புங்கை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். கான்கிரீட் மாடி பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும், இங்கே கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொண்டால் மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும். எங்கள் வீட்டில் வாதாம் கவிந்திருக்கிற அறையில் மட்டும் ராத்திரி பத்து மணிக்குத் தூங்க முடியும். வேறு அறையில் படுக்கிற வீட்டுக்காரர், மரத்தை வெட்ட வேண்டும் என்கிற வீட்டுக்காரர், சித்திரை வந்தால் பாயைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குத்தான் வருவார். கடல் பக்கமிருந்து வருகிற உப்பையும் இலை வாங்கிக்கொள்கிறது. மரமில்லாத பக்கத்து ஜன்னல் கம்பி துருப்பிடித்து உரிந்துவிட்டது, மரத்துப் பக்கம் இன்னும் பெயிண்ட் நிற்கிறது.

பேவர் பிளாக் வந்த பிறகு

நான் கல்யாணமாகி வந்தபோது முற்றம் முழுக்க மணல். விடிகாலையில் கூட்டி, இலையை மரத்தடிக்கோ தென்னம்பாத்திக்கோ தள்ளிவிட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அதற்கப்புறம் விழுகிற இலையை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மணலில் இலை கிடந்தால் கண்ணை உறுத்தாது. மாமனார் காலத்தில் இந்த வீட்டில் ‘மரத்துக் குப்பை’ என்ற பேச்சே கிடையாது என்று அத்தை சொல்வார், எனக்கும் ஆரம்ப வருடங்களில் அப்படிக் கேட்ட நினைவில்லை.

அப்புறம்தான் வீட்டுக்காரர் முற்றத்துக்குப் பேவர் பிளாக் பதித்தார். சேறு இருக்காது, வண்டி ஏற்ற வசதி, பார்க்கவும் லட்சணம் என்றார். அந்தச் சாம்பல் நிறத் தரையில் ஒரு இலை விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். கறை தெரியும், எச்சம் தெரியும். கற்களுக்கு நடுவில் சிக்கிய வேப்பிலையை ஈர்க்குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். காலையில் ஒரு தடவை கூட்டியது போய், வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று, வந்தபின் ஒன்று, யாராவது வருகிறார்கள் என்றால் இன்னொன்று என்று ஆகிவிட்டது. தென்னம்பாத்தியையும் மூடிவிட்டதால் கூட்டிய இலையைக் கொட்ட இடமில்லை. குப்பை வண்டியில் தழையை வாங்க மாட்டேன் என்கிறார்கள். எரித்தால் புகை, அத்தைக்கு இழுப்பு. மூலையில் குவித்தால் கரையான், எங்கள் பக்கத்துக் காய்ந்த மண்ணில் உலர்ந்த சருகு நாலு நாள் அசையாமல் கிடந்தால் கரையான் ஏறிவிடும். மரம் எப்போதும் போட்டதைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதன் கீழே துணி விரித்த மேசை போலத் தரையைப் போட்டுவிட்டு அதன் மேல் கோபப்பட்டோம். தரையைப் போடும்போதும் கூட்டுகிற ஆளை யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாடியில் நின்ற 11 டன்

2024 நவம்பர் 20 இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வருடம் முழுக்கப் பெய்தாலே 80 சென்டிமீட்டர் சுற்றுவட்டத்தில் நிற்கிற மாவட்டம் இது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று வரிசையாக எல்லா ஊரும் மிதந்தது. எங்கள் மாடியில் தண்ணீர் இறங்கவில்லை. வாதாம் இலை ஒன்று போதும், நாலங்குலக் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டால் மூடி போட்ட கணக்குத்தான். அன்றைக்கு இரண்டு குழாயிலும் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. மேல்தளத்தில் ஈரம் ஊறுவதைப் பார்த்துவிட்டு நான் ஏறிப்போய்க் கையை விட்டு இலையைப் பிடுங்கினேன், குழாய் பெரிதாக உறுமிக்கொண்டு தண்ணீரை இழுத்தது. அதற்குள் அரை அடி நின்றுவிட்டது. 800 சதுர அடி மாடியில் அரை அடி என்றால் 11,000 லிட்டருக்கு மேல், எடையில் 11 டன். இந்தக் கணக்கை ராத்திரி வீட்டுக்காரர் போட்டுக் காட்டினார். போட்டுக் காட்டிவிட்டு, "இனிமே யாரும் பேசக் கூடாது, தையில வெட்டிர வேண்டியதுதான்" என்றார்.

இந்தத் தடவை கொழுந்தனும் வாயைத் திறக்கவில்லை. கடலோரத்துக்காரர்களிடம் புயல், மழை என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசுவது கஷ்டம். அத்தைக்கு 64-ஆம் வருடத் தனுஷ்கோடிப் புயல் சின்னப் பெண்ணாகப் பாம்பனில் இருந்து பார்த்த நினைவு. அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார், காற்று ஏறினால் மட்டும் எந்த மரத்துக்குக் கீழேயும் யாரையும் நிற்க விடமாட்டார். கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும், புரெவி எங்கள் கடலுக்கு மேலேயே நகராமல் நின்ற டிசம்பரிலும், வாதாமை அண்ணாந்து பார்க்காதவர் வீட்டில் யாரும் இல்லை. பயம் நியாயமானதுதான். எனக்கும் உண்டு.

வெட்ட வந்தவர் கேட்டது

பொங்கல் கழிந்து ஒரு பெரியவர் வந்தார், முன்னால் பனையேறியவர், இப்போது மரம் கழிக்கும் வேலை. வாதாம் இலை உதிர்த்துக் கிளையெல்லாம் தெரிகிற நேரம். வாதாமை அடியோடு எடுத்துவிட வேண்டும், பூவரசைத் தச்சு வேலைக்கு விலை பேசலாம் என்று வீட்டுக்காரர் சொல்லி முடித்தார். பெரியவர் பதில் சொல்லாமல் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார், அரிவாள் பிடியால் அங்கங்கே தட்டிப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "இங்க கூட்டுறது யாருங்க?"

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கூலியில் ஏதோ சேர்த்துக் கேட்கப்போகிறார் என்று நினைத்திருப்பார். நான் அடுப்படி வாசலில் நின்றேன், என்னைக் கை காட்டினார். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க தாயி. சுள்ளி எந்தப் பக்கம் நெறைய விழுது?"

மாடிக்கு மேல் போகிற மேற்குக் கிளையில் என்றேன்.

"காத்து இல்லாத அன்னைக்கும் விழுமா?"

விழும். போன ஆடிக்குப் பிறகு காற்றே இல்லாத விடிகாலையிலும் அந்தப் பக்கம் மட்டும் விரல் தடிமன் சுள்ளி கிடக்கும்.

"அடியில மாவு மாதிரி எதாச்சும் கொட்டுதா?"

கொட்டியது. அடிமரத்துக்கு மேற்கே, ஒரு சாண் வட்டத்துக்கு, மஞ்சளாக மாவு. மழைக்கு முன்னாலிருந்தே நான் அதைக் கூட்டித் தள்ளுவதும் மறுநாள் அது அங்கேயே இருப்பதுமாக இருந்தது. இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து விரலில் தொட்டுப் பார்த்தார், நேர் மேலே அண்ணாந்தார், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். மேற்குக் கிளை பிரிகிற கவட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வண்டு துளைத்த ஓட்டை, தட்டினால் உள்ளே பொக்கென்ற சத்தம். அங்கிருந்தே கத்தினார்: "மரம் நல்லாருக்கு! ஒரு கையிலதான் சீக்கு!"

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த மரத்தைப் பற்றி வீட்டில் இரண்டு கட்சியாகப் பேசியவர்களிடம் அபிப்பிராயம் இருந்தது, விவரம் என்னிடம் இருந்தது. அவர் கேட்கிறவரைக்கும் அது விவரம் என்று எனக்கும் தோன்றியதில்லை, வேலையின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் இப்படி எவ்வளவோ தெரிந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வேம்பெல்லாம் நுனி கருகிப்போனதே, தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் கூடவே ஒரு பூஞ்சாணமும் என்று அப்புறம் சொன்னார்கள், அது எங்கள் வேம்பில் வந்தபோது பேப்பரில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மாசியில் விழ வேண்டிய இலை தப்பான மாதத்தில், காம்போடு, பழுக்காமல் கருகி விழுந்தது. வழக்கமாக விழுவதும் வழக்கத்துக்கு மாறாக விழுவதும் வேறு வேறு என்பது தினமும் கூட்டுகிற கைக்குத்தான் தெரியும். அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பின்ன, மாட்டுச் சாணியைப் பாத்துத்தானே மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்றோம்?" என்றார்.

மேற்குக் கிளை போனது. கயிறு கட்டி, முதலில் அடியில் ஒரு வெட்டு, அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, கனம் இறங்கிய பிறகு அடிமரத்தின் வீக்கத்தை ஒட்டி மிச்சத்தை எடுத்தார். மேலிருந்து மட்டும் வெட்டினால் கிளை தன் கனத்தில் அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு இறங்குமாம். கிழிந்த இடத்தில் அழுகல் ஏறும். உச்சியை மொத்தமாக மொட்டையடித்துவிடுங்களேன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு மாட்டேன் என்றார். மொட்டையடித்த மரம் கோபத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும், அந்தத் துளிர் உள்ளே பிடிப்பில்லாமல் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வளரும், காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். மின்கம்பிக்குக் கீழே வருடா வருடம் மொட்டையாகிற மரங்களைப் பார்த்தால் அவர் சொல்வது புரியும். உள்ளே நெருக்கமாகப் போகிற கிளைகளை மட்டும் களைந்து, "காத்து உள்ள பூந்து வெளிய போகணும்" என்றார். மிச்சத்தை ஆவணியில் வந்து பார்க்கிறேன், ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் நிபந்தனைகள்

அன்றைக்குச் சாயங்காலம் நான் வாயைத் திறந்தேன். மரம் இருக்கட்டும், நான் கூட்டுகிறேன், ஆனால் நான் சொல்கிறபடி. வாதாமைச் சுற்றி ஆறடிக்குப் பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட வேண்டும், அது மணலாகத்தான் இருக்கும். அங்கே விழுகிற இலையை நான் எடுக்க மாட்டேன், பார்க்க அசிங்கம் என்று யாரும் சொல்லக் கூடாது. மாடிக் குழாய்க்குக் குவிந்த கம்பிச் சல்லடை போட வேண்டும், ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாடி கூட்டுவது வீட்டுக்காரர் வேலை. வருடா வருடம் கிளை கழிக்கிற கூலியைக் கொழுந்தன் தர வேண்டும், காசு கொடுத்தாலும் கிடைக்காத காற்றுக்குக் கொஞ்சமாவது கொடுக்கட்டும். பின்கட்டில் ஒரு குழி, இலையும் சாணிக் கரைசலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காயவிடாமல் தண்ணீர் தெளித்தால் கரையான் வராது. வேப்பிலை சீக்கிரம் மக்கும், வாதாம் இலை பிடிவாதம் பிடிக்கும், காலால் மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். எங்கள் வெறும் மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், இந்த மக்கைப் போட்ட இடத்தில் மறுநாளும் ஈரம் இருக்கிறது.

எல்லாம் நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கொழுந்தன் பணம் அனுப்பிவிட்டார், சந்தோஷமாகவே. வீட்டுக்காரர் மாடியைக் கூட்டுகிறார், ஆனால் கூட்டிய இலையை மேலிருந்தே கீழே தள்ளிவிடுகிறார். பேவர் பிளாக் ஆறடிக்குப் பதில் நாலடிதான் பெயர்ந்தது, கார் இன்னும் பாதி வெயிலில் நிற்கிறது. கீழவீட்டு மதினிக்கு வேப்பம்பூ ஒரு டப்பா கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இந்த ஆடியில் பேசுகிறாரா பார்ப்போம்.

பூவரசு விவகாரம் தனியாக நிற்கிறது. வேர் தெற்கு மதிலைத் தூக்கிவிட்டது, விரிசலில் விரல் போகிறது. தெற்கு வீட்டுக்காரர் வெட்டச் சொல்கிறார், அவர் வீட்டு ஆடுகள் அதே மரத்துத் தழையைத்தான் மதிலில் காலை வைத்து எம்பித் தின்கின்றன. மர வியாபாரி ஒருத்தர் வந்து கட்டை நல்ல கட்டை என்று ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை அதன் இலையில் கொழுக்கட்டை அவிப்பதை நிறுத்தி ரொம்ப வருடமாகிறது, ஆனாலும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் உள்ளே எழுந்து போய்விடுகிறார். இந்தத் தடவை எல்லாரும் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்று கேட்கிறார்கள். பெரியவர் ஆவணியில் வந்து பார்க்கட்டும் என்றிருக்கிறேன். அதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டு, மதிலை இடித்துவிட்டு மரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு விலை கேட்டு வைத்திருக்கிறேன்.